வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து: கரிஞ்சாவின் கால்களும் பிரேசிலின் கடனும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். நான் இன்று ஒரு கால்பந்து வீரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விளையாட்டைப் பேச இதுவா மேடை என்று சிலர் நினைக்கலாம். பேசி முடிக்கும்போது உழைப்பு, கூலி, தகுதி, கையெழுத்து என்ற நான்கு சொற்களைத்தான் பேசியிருப்பேன். நான்கும் நமக்குத் தெரிந்த சொற்கள்தாம்.

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் வடசென்னைப் பக்கம் போய்ப் பாருங்கள். வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்றே பெயர். தெருவெல்லாம் மஞ்சள் சட்டை. சுவரில் பெலே இருப்பார், ரொனால்டினோ இருப்பார், நெய்மர் இருப்பார். ஏழாயிரம் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டை நம் பிள்ளைகள் தம் நாடாக வரித்துக்கொண்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அந்த மைதானத்தில் ஓடுகிறவர்கள் நம்மைப்போல இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவர்களில் கரிஞ்சாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. பிரேசில் மக்கள் பெலேயை 'அரசர்' என்றார்கள். கரிஞ்சாவை 'மக்களின் மகிழ்ச்சி' என்றார்கள். அந்த மகிழ்ச்சிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

ஆலைக்குச் சொந்தமான ஊர்

மனோயெல் பிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ் 1933 அக்டோபரில் பிறந்தார். ரியோ டி ஜனீரோ மாநிலத்தில் மஜே வட்டாரத்தைச் சேர்ந்த பாவ் கிராண்டே அவர் ஊர். மலையடிவாரத்தில் ஒரு நெசவாலை, அதைச் சுற்றி ஓர் ஊர். 'அமெரிக்கா ஃபப்ரில்' என்ற கம்பெனியின் ஆலை அது. குடியிருக்கும் வீடு ஆலையுடையது. பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானமும் ஆலையுடையது. ஆலை மேலாளர்களாக ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். நம்மூரில் பஞ்சாலை லைன் வீடுகளிலும் தேயிலைத் தோட்ட லயங்களிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வீடும் போகும்.

அவருடைய முன்னோரில் ஒரு கிளை ஃபுல்னியோ என்ற பழங்குடி. இன்னொரு கிளை, அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அதை ஒழித்த நாடு அதுதான். கரிஞ்சா பிறந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது 45. அடிமையாகப் பிறந்த பாட்டிகள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். விடுதலை கிடைத்தது; நிலம் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமையும் கிடையாது. அந்தத் தடை நீங்கியது 1985-இல். கைநாட்டுக்காரர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஒரு குடியரசு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறக்கும்போதே அவர் கால்கள் வளைந்திருந்தன. வலது கால் உட்பக்கமாகவும் இடது கால் வெளிப்பக்கமாகவும் வளைவு. ஒன்றைவிட மற்றொன்று சுமார் 6 செ.மீ. குட்டை. உடம்பும் சிறியது. அக்கா ரோசா 'கரிஞ்சா' என்று கூப்பிட்டார். அந்தப் பக்கத்துச் சிறு குருவி ஒன்றின் பெயர் அது. 14 வயதில் ஆலை வேலைக்குப் போனார். வேலையில் சோம்பேறி என்று பெயரெடுத்தார். ஆனாலும் ஆலைக்கு அவர் தேவைப்பட்டார். ஏனென்றால் ஆலைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. தறியில் உதவாத பையன் மைதானத்தில் உதவினான். முதலாளிக்கு எந்த உறுப்பு பயன்படுமோ அதற்குத்தான் சோறு என்ற பாடத்தை அவர் அங்கேயே படித்துவிட்டார்.

கையெழுத்து என்னும் கதவு

கரிஞ்சா கால்பந்துக்குள் வருவதற்கு முன்னால் அந்தக் கதவை உடைத்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் திறமை இருந்தால் போதும், யாரும் மேலே வரலாம் என்ற பொய்க்கு நாமும் துணைபோனவர்கள் ஆவோம்.

கால்பந்து பிரேசிலுக்கு வந்தபோது அது கனவான்களின் விளையாட்டு. ரியோவின் பெரிய கிளப்புகளில் கறுப்பர்களுக்கும் கூலித் தொழிலாளிகளுக்கும் இடமில்லை. 1914-இல் ஃப்ளுமினென்சே கிளப்பில் கார்லோஸ் அல்பெர்ட்டோ என்ற கலப்பின வீரர் முகத்தில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு ஆடினார் என்றும், வேர்வையில் அது கரைந்தபோது எதிரணி ரசிகர்கள் 'அரிசி மாவு' என்று கூவினார்கள் என்றும் சொல்வார்கள். 'அரிசி மாவு' இன்றைக்கும் அந்தக் கிளப்பின் பட்டப்பெயர். அவமானமாகப் பிறந்த சொல் காலப்போக்கில் கொண்டாட்டச் சொல்லாக மாறிவிட்டது.

1923-இல் வாஸ்கோ ட காமா என்ற கிளப் கறுப்பர்களையும் கலப்பினத்தவரையும் தொழிலாளிகளையும் வைத்துக்கொண்டு ரியோ சாம்பியன் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டே பெரிய கிளப்புகள் கூடிப் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கின. வாஸ்கோ அதில் சேர வேண்டுமானால் 12 வீரர்களை நீக்க வேண்டும் என்றன. அவர்கள் செய்யும் வேலை கௌரவமானதல்ல, வாழும் நிலை சரியில்லை என்பது காரணம். ஆட்டத்துக்கு முன்னால் தாளில் ஒழுங்காகக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்பதும் அக்காலத்துச் சல்லடைகளில் ஒன்று. தோலின் நிறத்தைக் காரணமாக எழுதினால் அசிங்கம். எழுத்தறிவைக் காரணமாக எழுதினால் அது 'தரம்'. 1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் பதில் எழுதினார்: 12 பேரையும் விட்டுக்கொடுக்க மாட்டோம், உங்கள் சங்கமும் வேண்டாம் என்று. விளையாட்டு வரலாற்றில் சமத்துவத்துக்காக எழுதப்பட்ட மிக முக்கியமான கடிதங்களில் அது ஒன்று. அந்தப் புதிய சங்கத்தை அமைத்த கிளப்புகளில் போட்டாஃபோகோவும் இருந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1933-இல், கரிஞ்சா பிறந்த அதே ஆண்டில், ரியோவில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறைக் கால்பந்து அனுமதிக்கப்பட்டது. கறுப்பர்கள் உள்ளே வந்தார்கள், பணியாளர்களாக. உறுப்பினர்களாக அல்ல. ஆடலாம், கிளப்பின் விருந்து மண்டபத்தில் உட்கார முடியாது.

பிறகு 1950 ஜூலை 16. மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 1-2 என்று பிரேசில் தோற்று உலகக் கோப்பையை இழந்தது. பதினொரு பேர் ஆடினார்கள். பழி மூன்று பேர்மேல் விழுந்தது: கோல்கீப்பர் பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பர்கள். கறுப்பர்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் மனவலிமை கிடையாது என்று பேசினார்கள். பார்போசா 2000-இல் இறந்தார். பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டு, நானோ 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று அவர் சொன்னது புகழ்பெற்ற வாக்கு. வென்றால் நாடு வெல்லும், தோற்றால் கறுப்பன் தோற்பான். இந்தக் கணக்கு முடிந்த மூன்றாம் ஆண்டில்தான் கரிஞ்சா ரியோவுக்கு வந்தார்.

தகுதித் தேர்வு

1953-இல் போட்டாஃபோகோவில் அவருக்கு ஒரு சோதனை ஆட்டம் வைத்தார்கள். எதிரே நின்றவர் நில்டன் சாந்தோஸ், அன்றைய உலகின் தலைசிறந்த இடது தடுப்பாட்டக்காரர். வளைந்த காலோடு வந்த அந்தப் பையன் அவரைத் தாண்டிப் போனான். ஒருமுறை அவர் கால்களுக்கு நடுவிலேயே பந்தைத் தள்ளிவிட்டுப் போனான். இவனை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள், வேறு அணியில் இவனை எதிர்த்து ஆட எனக்கு விருப்பமில்லை என்று நில்டன் சாந்தோஸ் சொன்னாராம். அந்த ஜூலையிலேயே போன்சுசெசோ அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று கோல். 1957-இல் ரியோ சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டத்தில் ஃப்ளுமினென்சேயை 6-2 என்று போட்டாஃபோகோ தோற்கடித்தது.

அவர் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் செய்ததெல்லாம் ஒரே ஒரு வித்தை. வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். எதிராளி முன்னால் நிற்பான். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார், எதிராளி சாய்வான். பிறகு வலப்பக்கம் பாய்ந்துவிடுவார். வலப்பக்கம்தான் போவார் என்று ஊருக்கே தெரியும், எதிராளிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. மருத்துவர்கள் குறை என்று எழுதிய அந்த வளைவு, அவர் எந்தப் பக்கம் கிளம்புகிறார் என்பதை மறைத்துவிடும்.

1958-இல் சுவீடன் உலகக் கோப்பை. 1950-இன் அவமானத்தைத் துடைக்க பிரேசில் இம்முறை 'அறிவியல் முறையில்' தயாரானது. பல் மருத்துவர் உண்டு, உளவியலாளரும் உண்டு. ஜுவாவோ கர்வாலயெஸ் என்ற அந்த உளவியலாளர் வீரர்களுக்கு எழுத்துத் தேர்வும் படம் வரையும் தேர்வும் வைத்தார். முடிவு வந்தது. 17 வயதுப் பெலே குழந்தைத்தனமானவர், போராடும் குணம் போதாது. கரிஞ்சாவின் மதிப்பெண்ணோ மிகவும் குறைவு, பொறுப்பை ஏற்கும் அறிவு வளர்ச்சி இல்லை. இருவரையும் ஆட்டத்தில் இறக்குவது உசிதமல்ல என்பது பரிந்துரை.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒருவர் ஆலை ஊரில் அரைகுறையாகப் பள்ளிக்கூடம் போனவர். இன்னொருவர் சாலையோரத்தில் ஷூ துடைத்துக் காசு சேர்த்த சிறுவர். இருவரிடமும் தாளையும் பென்சிலையும் கொடுத்து, நீ பந்து ஆடத் தகுதியானவனா என்று கேட்டார்கள். தேர்வு எதை அளந்தது? பள்ளிக்கூடம் அவர்களுக்கு எட்டாமல் இருந்த தூரத்தை அளந்தது. அதற்குத் 'தகுதி' என்று பெயரிட்டது. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி நம் பிள்ளைகளின் நெற்றியில் எழுதுகிறார்களே, அதே எழுத்து.

கரிஞ்சா முதல் இரண்டு ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தார். அதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். உலகக் கோப்பைக்குச் சற்று முன்னால் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டி, காலியான கோலுக்கு முன்னால் நின்றார். பின்னால் ஓடிவந்த எதிராளிக்காகக் காத்திருந்து, அவனையும் ஏமாற்றிவிட்டுத்தான் பந்தை உள்ளே தள்ளினார். பொறுப்பில்லாதவன் என்று பயிற்சியாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆஸ்திரியாவுடனான முதல் ஆட்டத்தில் இறங்கிய அணி பெரும்பாலும் வெள்ளையர்களின் அணி. இங்கிலாந்துடனான இரண்டாம் ஆட்டம் கோலின்றி முடிந்தது. சோவியத் ஒன்றியத்தை வென்றே தீர வேண்டிய மூன்றாம் ஆட்டத்தில், உளவியலாளரின் தாளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பயிற்சியாளர் ஃபியோலா இருவரையும் இறக்கினார்.

1958 ஜூன் 15, கோதன்பர்க். ஆட்டம் தொடங்கியதும் பந்து கரிஞ்சாவிடம் வந்தது. தடுக்க வந்தவர்களைத் தாண்டினார், அடித்தார், பந்து கம்பத்தில் பட்டது. அடுத்து பெலே அடித்தார், அதுவும் கம்பத்தில். மூன்றாம் நிமிடத்தில் வாவா கோல் போட்டார். கால்பந்து வரலாற்றிலேயே மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று பிரெஞ்சுச் செய்தியாளர் கபிரியேல் ஹனோ அதைச் சொன்னார். பிரேசில் 2-0 என்று வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடனுக்கு எதிராக முதல் இரண்டு கோல்களும் கரிஞ்சா வலது ஓரத்திலிருந்து அனுப்பிய பந்துகளில் வாவா போட்டவை. 5-2. முதல் உலகக் கோப்பை. அன்றிலிருந்து பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஓர் ஆட்டத்தில்கூடப் பிரேசில் தோற்றதில்லை. தகுதியில்லை என்று எழுதப்பட்ட அந்த இரண்டு பேர்.

1962-இல் சிலியில் நடந்தது இன்னும் பெரிது. இரண்டாம் ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு வெளியேறினார். மீதிப் பாரம் கரிஞ்சாவின் தோளில். காலிறுதியில் இங்கிலாந்தை 3-1 என்று வென்றபோது இரண்டு கோல் அவருடையவை. அரையிறுதியில் சிலியை 4-2 என்று வென்றபோதும் இரண்டு. அந்த ஆட்டம் முழுக்க உதை வாங்கியவர் கடைசியில் ஒருமுறை திருப்பி உதைத்தார், நடுவர் வெளியேற்றினார். ஆனாலும் இறுதியாட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. அரசாங்கத்துக்கு அவர் தேவைப்பட்டார். காய்ச்சலோடு ஆடினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. அந்தப் போட்டியின் சிறந்த வீரர் கரிஞ்சா.

வெற்றுத்தாள்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உலகமே கொண்டாடிய அந்தக் காலத்தில் கரிஞ்சா போட்டாஃபோகோவுடன் போட்ட ஒப்பந்தங்கள் எப்படிப்பட்டவை? தொகை எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். தொகையைக் கிளப் பிறகு நிரப்பிக்கொள்ளும். இதை அவருடைய வெள்ளை மனசுக்குச் சாட்சியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். பணத்தாசை இல்லாத குழந்தை என்றார்கள். கந்துவட்டிக்காரரிடம் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். வெள்ளை மனசு என்று அதை நாம் சொல்ல மாட்டோம். படிக்கத் தெரியாதவனிடம் தாளை நீட்டுகிறவனின் மனசு என்ன நிறம் என்றுதான் கேட்போம்.

1924-இல் கையெழுத்துப் போடத் தெரியாதவனை வெளியே நிறுத்தக் கையெழுத்து பயன்பட்டது. முப்பது ஆண்டு கழித்து, உள்ளே வந்தவனைக் கட்டிப்போட அதே கையெழுத்து பயன்பட்டது. கதவைப் பூட்டிய சாவிதான் விலங்கையும் பூட்டியது.

இதை ஒரு கிளப்பின் கெட்ட குணம் என்று சுருக்கிவிடக் கூடாது. பிரேசிலில் 'பாசே' என்றொரு முறை இருந்தது. ஆட்டக்காரரின் ஆடும் உரிமை கிளப்புக்குச் சொந்தம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் விற்றால்தான் அவர் வேறிடம் போக முடியும். கூலி கட்டுப்படியாகவில்லை என்று வேலையை விட்டுப்போகும் உரிமை, ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு இருந்த அந்த உரிமை, உலக சாம்பியனுக்கு இல்லை. 1971-இல் அஃபோன்சினியோ என்ற ஆட்டக்காரர் வழக்காடித் தன் 'பாசே'யைத் தானே பெற்றார். பிரேசிலில் அப்படிப் பெற்ற முதல் ஆள் அவர். அவர் மோதியதும் போட்டாஃபோகோவுடன்தான். அந்த முறையை ஒழித்த சட்டம் 1998-இல் வந்தது. விளையாட்டு அமைச்சராக இருந்தவரின் பெயரால் அதைப் 'பெலே சட்டம்' என்கிறார்கள். கரிஞ்சா இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கரிஞ்சாவின் முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. வளைந்த கால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன்மேல் உதை. கிளப் வெளிநாடு வெளிநாடாகக் காட்சி ஆட்டங்களுக்குக் கூட்டிச் சென்றது. கரிஞ்சா ஆடினால் ஒரு விலை, ஆடாவிட்டால் குறைந்த விலை. எனவே முழங்காலில் ஊசி போட்டு வலியை மறைத்து ஆடவைத்தார்கள். அறுவை சிகிச்சை 1964 வரை தள்ளிப்போனது. அவருக்கும் கத்தியென்றால் பயம். பிறகு பழைய பாய்ச்சல் திரும்பவில்லை. 1966-இல் கோரிந்தியன்ஸுக்குப் போனார். அதே ஆண்டு இங்கிலாந்து உலகக் கோப்பையில் பல்கேரியாவுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக் கோல். அடுத்த ஆட்டத்தில் ஹங்கேரியிடம் 1-3 என்று தோல்வி. நாட்டுக்காக அவர் ஆடிய 50 ஆட்டங்களில் அதுதான் கடைசி; பிரேசில் தோற்ற ஒரே ஆட்டமும் அதுதான்.

குருவி என்றும் குழந்தை என்றும்

கரிஞ்சாவைப் பற்றி வேடிக்கைக் கதைகள் ஏராளம். தன்னைத் தடுக்க வருகிறவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ள மாட்டார், எல்லாரையும் 'ஜுவாவோ' என்பார். சுவீடனில் வாங்கிய வானொலிப் பெட்டி சுவீடிஷ் மொழி மட்டும்தான் பேசும் என்று நம்பி அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். இப்படிப் பல. இக்கதைகளில் பலவற்றை இட்டுக்கட்டியவர் அவருக்கு நெருக்கமான செய்தியாளர் சாண்ட்ரோ மொரேரா. 1995-இல் கரிஞ்சாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரூய் காஸ்ட்ரோ இதைக் காட்டியிருக்கிறார். பாசத்தோடு இட்டுக்கட்டிய கதைகள்தாம். பாசமாக இருக்கட்டும், அது என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

குருவிக்குச் சம்பளம் தேவையில்லை. குழந்தையோடு யாரும் ஒப்பந்தம் பேசுவதில்லை. 'அவனுக்கென்ன, பந்து கிடைத்தால் போதும், சந்தோஷமாக இருப்பான்' என்று ஒருவனைப் பற்றி ஊர் முடிவு செய்துவிட்டால், அவனுடைய கணக்கை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நம் ஊரில் 'பறையடிக்க அவனை விட்டால் ஆளில்லை' என்று மெச்சுகிற வாய்தான், கூலி கேட்டால் 'இவனுக்கு வாய் வந்துவிட்டது' என்கிறது. உடம்பில் இயல்பாகவே திறமை இருக்கிறது என்று சொல்வது, உழைப்பு இல்லை என்று சொல்வதற்கு இன்னொரு வழி. உழைப்பு இல்லையென்றால் கூலியும் இல்லை. கரிஞ்சா ஒரே வித்தையை ஆயிரம் முறை ஆயிரம் கால்களுக்கு எதிரே செய்துகாட்டியவர். எந்த நொடியில் நிற்க வேண்டும், எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்ற கணக்கு அவர் மூளையில் இருந்தது. அதை அறிவு என்று சொல்ல நாடு தயாராக இல்லை, 'உள்ளுணர்வு' என்றது.

எல்சா

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவர் ஆவேன். அவருடைய முதல் மனைவி நயீர், அதே ஊர் ஆலைத் தொழிலாளி. எட்டுப் பெண் குழந்தைகள். அவர்களை விட்டு 1960-களில் எல்சா சோரெஸுடன் வாழத் தொடங்கினார்.

எல்சா கறுப்பினப் பெண். குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோதே கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் சிலரைப் பறிகொடுத்தவர். வானொலிப் பாட்டுப் போட்டிக்குக் கந்தலைப்போன்ற உடையில் போய் நின்றபோது, எந்தக் கோளிலிருந்து வந்தாய் என்று நடத்துநர் கிண்டலாகக் கேட்டார். பசி என்ற கோளிலிருந்து என்றார் எல்சா. பிறகு சாம்பா இசையின் மாபெரும் குரல்களில் ஒருவரானார். கரிஞ்சா குடும்பத்தை விட்டு வந்ததும் நாடு முழுவதும் பழியை எல்சாமேல் போட்டது. குடும்பத்தைக் கெடுத்தவள் என்றார்கள், மிரட்டினார்கள், வீட்டைத் தாக்கினார்கள். விட்டுவந்த ஆண் குழந்தை. கூட வாழ்ந்த பெண் சூனியக்காரி. 1950-இல் கறுப்பு கோல்கீப்பருக்கு நடந்தது இப்போது கறுப்புப் பெண்ணுக்கு நடந்தது.

1969-இல் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதி எல்சாவின் தாய் இறந்துபோனார். அடுத்த ஆண்டு இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். குடி முற்றியது. குடித்துவிட்டு எல்சாவை அடித்தார். 1977-இல் எல்சா பிரிந்தார். ஒடுக்கப்பட்ட ஆண் தன் வீட்டுப் பெண்ணை ஒடுக்கும்போது அதைச் சொல்லாமல் விடுவது நம் அரசியல் ஆகாது. அப்படி மறைத்து எழுதினால் வரலாறு பஜனையாகிவிடும். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மை, அவர் இழைத்த அநீதியும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

கடன்

1973 டிசம்பர் 19 அன்று மரக்கானாவில் அவருக்காக ஒரு நன்றியறிதல் ஆட்டம் நடத்தினார்கள். 1,30,000 பேருக்கு மேல் வந்தார்கள். இருபது ஆண்டு உழைத்தவருக்கு ஓய்வுக்காலத்தில் உரிமையாக வர வேண்டிய பணம் உண்டியல் பணமாக வந்தது. கூட்டம் அன்பாகத்தான் வந்தது. அன்பு ஒரு நாள் மாலைக்குத் தாங்கும். ஓய்வூதியம் மாதாமாதம் வர வேண்டியது.

1980 கார்னிவலில் மாங்கேய்ரா சாம்பா பள்ளி அவரை அலங்கார வண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டது. நோயும் மருந்துமாகச் சோர்ந்துபோன மனிதர், தலை நிமிராமல், கூட்டத்தை அடையாளம் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்டம், மேளம். மக்களின் மகிழ்ச்சி மக்களின் நடுவே தனியாக இருந்தது.

1983 ஜனவரி 20 அன்று கல்லீரல் கெட்டு இறந்தார். வயது 49. உடலை மரக்கானாவில் வைத்தார்கள். அங்கிருந்து தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டே நோக்கிக் கொண்டுபோனபோது வழியெங்கும் ஆயிரக்கணக்கில் மக்கள் நின்றார்கள். 39 ஆண்டு கழித்து, 2022-இல், அதே ஜனவரி 20 அன்று எல்சா இறந்தார். கடைசிவரை பாடிக்கொண்டும், கறுப்புப் பெண்களின் வலியைப் பேசிக்கொண்டும் இருந்தார்.

தலைநகர் பிரசிலியாவில் கரிஞ்சாவின் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அதைப் புதுப்பித்துக் கட்டினார்கள். அந்தப் போட்டிக்காகக் கட்டிய மைதானங்களில் மிக அதிகம் செலவானவற்றுள் அது ஒன்று. மூன்று ஆண்டு கழித்து, 2017-இல், இன்னொரு செய்தி வந்தது. மஜேயின் கல்லறைத் தோட்டத்தில் கரிஞ்சாவின் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடம் மாற்றியபோது பதிவேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பெயர் கான்கிரீட்டில் நிற்கிறது. ஆள் கணக்கில் இல்லை. ஒரு சமூகம் யாரைக் கொண்டாடுகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், யாருக்குப் பதிவேடு எழுதுகிறது என்பதையும் பாருங்கள் என்று சமூகவியல் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

நமக்கும் இது புதிதல்ல. பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவர் வீசிய பந்தை உயர்சாதிக்காரர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. அவருடைய சாதியைச் சேர்ந்த எவரும் அணித் தலைவராகக் கூடாது என்ற பிடிவாதம் அவர் ஆடிய காலம் முழுவதும் தொடர்ந்தது. கைதட்டலில் தீட்டு இல்லை, தலைமையில்தான் தீட்டு.

இந்த அரங்கில் இருக்கும் இளைஞர்களில் பந்து ஆடுகிறவர்கள் இருப்பீர்கள், பறை அடிக்கிறவர்கள் இருப்பீர்கள், பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் திறமையை ஊர் மெச்சும் நாள் வரும். மெச்சட்டும். அன்றைக்கு ஒரு தாள் உங்கள் முன்னால் நீட்டப்படும். கல்லூரியோ, கம்பெனியோ, சினிமாவோ, கட்சியோ, எதுவாகவும் இருக்கலாம். நீட்டுகிறவர் தோளில் கைபோட்டு 'நம்ம பையன்', 'நம்ம பொண்ணு' என்பார். அந்த நேரத்தில் ஆலை ஊரிலிருந்து வந்த வளைந்த கால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தாளை வாங்கி முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் படித்தவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தொகை எழுதாத இடத்தில் தொகையை எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பாராட்டு கூலி ஆகாது.